நூரு போட்ட சில்வர் வட்டம்

போன மாதம் ஆம்பூரிலிருந்து என் தோழி நூருன்னிசா, சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்குப் பையோடு வந்து இறங்கினாள். இரண்டு நாளில் அவளுக்கு மார்பில் ஆபரேஷன். முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தேன்... இருந்தது கோபம்!

"என் கைக்குத் தட்டுப்படாத கட்டியாக்கா? இன்னா பேஜார் இது!"

கோபத்தில் நியாயம் உண்டு. ஷூ கம்பெனியில் இருபது வருடமாகத் தோல் செக்கிங் செய்பவள். கண்ணை மூடிக்கொண்டு தடவியே, மாட்டை உண்ணி கடித்த தழும்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். அதைச் சுற்றி சில்வர் பேனாவால் ஒரு வட்டம் போடுவாள். வெட்டுபவர் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு மற்றதை வெட்டிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட விரல்களுக்குத் தன் மார்பில் இருந்த கட்டி தெரியவில்லை. கம்பெனியில் நடந்த மருத்துவ கேம்ப்பில், மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம்தான் காட்டிக்கொடுத்தது. பரிசோதனையில் கேன்சர் என்று உறுதியானது. நல்லவேளை, ஆரம்ப நிலை.

"கைக்கே தெரியாதத எப்படிக்கா வெட்டுவாங்க? கண்டுபுடிக்க முடியாம மார்பையே மொத்தமா எடுத்துட்டா?"

இதுதான் அவளுடைய நிஜமான பயம். மறுநாள் டாக்டரிடமும் அதையே கேட்டாள்.

"என் கைக்கும் தெரியாதும்மா. அதனாலதான் ஊசி வழியா கட்டிக்குள்ள ஒரு அடையாளம் வெக்கிறோம். அரிசியவிட சின்னது. ஆபரேஷன்ல கருவிய மேல வெச்சா சத்தம் போட்டு இடத்தக் காட்டும். அதச் சுத்தி மட்டும் எடுத்துடுவோம்."

நூருவின் முகம் மலர்ந்தது. "சில்வர் பேனா வட்டத்த தோலுக்கு உள்ள போடறீங்க. இத மொதல்லயே சொல்றதில்ல?"

அன்றே அடையாளம் வைத்தாகிவிட்டது.

ஆபரேஷன் அன்று காலை, நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டாராம். ஊசி குத்திய இடத்தைச் சுற்றிப் பளபளவென்று ஒரு சில்வர் வட்டம்! டாக்டருக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று நூருவே போட்டுக்கொண்டது.

டாக்டர் கருவியை வட்டத்தில் வைத்தார். கப்சிப். இரண்டு விரற்கடை தள்ளி வைத்தார் — பீப் பீப்!

"ஊசி சாய்வா போயிருக்கும்மா. நுழைஞ்ச இடம் வேற, வெச்ச இடம் வேற."

"இருபது வருஷ சர்வீஸ்ல இது மொதோ தப்பு டாக்டர், கம்பெனில சொல்லிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே தியேட்டருக்குள் போனாளாம்.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது. எடுத்த சதையின் ஓரமெல்லாம் சுத்தம். மார்பு பத்திரம். இனி கொஞ்ச நாள் ரேடியேஷன். நான் ஆஸ்பத்திரி காரிடாரிலேயே அழுதுவிட்டேன்.

"ஏங்க்கா அழறீங்க? பாஸ் ஆயிட்டேன்ல!"

நம் உடம்பு நமக்குத் தெரியாதா என்று எல்லோருக்குமே ஒரு அசட்டு தைரியம். வலித்தால்தான் டாக்டர், தட்டுப்பட்டால்தான் டெஸ்ட்... யார் போட்ட சட்டம் இது?

"சரி, நீங்க மேமோகிராம் எடுத்தீங்களா?" என்றாள் திடீரென்று.

"எனக்குத்தான் ஒண்ணும் தட்டுப்படலையே நூரு..." சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இதை மேமோகிராம் வரிசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எனக்கு முன்னால் நான்கு பேர். பக்கத்தில் நூரு — நான் நழுவிவிடாமல் என் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு!