தூரமோ என்று மட்டும்

எங்கள் வீட்டில் ஒருவர் படியிறங்கும்போது ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். ‘தூரமோ?’ என்று கேட்கலாம். அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. ஊரை விட்டு ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இந்த ஒன்றை மட்டும் நான் விடவில்லை.

இங்கே குளிர்காலமான ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை, என் மகள் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தென் தீவுக்குப் புறப்பட்டாள். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டும் காவலும் உள்ள இடத்துக்கு அல்ல. ஆளில்லாத மலையில் தானே ஏறி, தானே சறுக்கி இறங்குகிற பைத்தியம் அவளுக்கு.

“தூரமோ பிள்ளை?”

“ஓம் அம்மா, தூரம்.”

அவ்வளவுதான்.

மறுநாள் காலை தேநீரோடு பனிச்சரிவு எச்சரிக்கையைப் போனில் திறந்தேன். தென் தீவின் மலைகள் வர்ணம் வர்ணமாகக் கிடந்தன. ஒரு பக்கம் பச்சை, பெரிய பயமில்லை. ஒரு பக்கம் மஞ்சள். நடுவில் நீளமாக ஒரு செம்மஞ்சள் துண்டு. அங்கே காற்று பனியை முகட்டுக்கு அப்பால் அள்ளிக் குவித்திருக்கிறது, அடியில் பழைய பனி இறுகாமல் கிடக்கிறது, ஓர் ஆள் ஏறினாலே மேல்தட்டு முழுதாக வழுக்கி இறங்கலாம் என்று எழுதியிருந்தார்கள். என் பிள்ளை எந்த நிறத்தில் நிற்கிறாள்? அழைத்துப் பார்த்தேன், மலையில் சிக்னல் இல்லை. போகுமுன் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கீழே புத்திமதி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று முழுவதும் நான் நானாக இல்லை. ஆக்லாந்தில் பனி எங்கே விழுகிறது? ஆனால் என் கண்ணுக்குக் கொடியில் மறந்துவிட்ட துவாய்களின்மேல், அயல்வீட்டு எலுமிச்சையில், அப்பால் மனுக்காவ் கடலில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. அரிசி களைந்தால் கைக்குள்ளும் பனி. அதன் நடுவே அவளுடைய சிவப்பு மேலங்கி மிதந்து மிதந்து இறங்கியது. நான் பலமாக மூச்சு விட்டால் மலை சரிந்துவிடும்போல இருந்தது.

“என்ன, அடுப்பை மறந்திட்டீரோ?” என்றார் கணவர். பருப்பு அடிப்பிடித்திருந்தது.

ஞாயிறு மாலை அழைத்தாள். செம்மஞ்சளுக்குள்தான் போயிருக்கிறாள். ஏறுமுன் அவளும் கூடப் போனவர்களும் பனியில் குழி வெட்டி அடுக்குகளைப் பார்த்தார்களாம், ஓர் அடுக்கு சீனிபோல உதிர்ந்ததாம், திரும்பிவிட்டார்களாம். எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“எந்த மலையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?”



“நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே அம்மா. நான் எங்கை போனாலும் உங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லையெண்டுதான் சின்னனிலேயிருந்து நினைச்சனான்.”

அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் கேட்காமல் இருந்தேன் என்பதை எந்த மொழியில் சொல்ல?

அடுத்த மாதம் மறுபடி புறப்பட்டாள். வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையாரே, பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“எங்கை போறாய்?”

நிமிர்ந்து பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள். எந்தப் பள்ளத்தாக்கு, எந்தப் பக்கச் சரிவு, யார் யார், இரவு எங்கே படுப்பது என்று பாதி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். வெளியே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.