புல்லுருவி பிடித்த கிளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காவேரிப்பட்டினத்தில் மாமனார் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு, மனைவியை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து ராயக்கோட்டை வழியாகத் திரும்பினேன். வண்டியின் முன்னால் மாமியார் கட்டிக்கொடுத்த வாழைத்தார். சானமாவுக் காட்டுக்குள் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. எங்கே நிற்கக் கூடாதோ அங்கே பார்த்து நிற்பதில் அது கெட்டிக்கார வண்டி.

பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புதருக்குள் ஏதோ முறிந்தது. "ஏங்க..." என்றாள். ஒற்றைக் கொம்பன் யானை சாலையோரம் வந்து நின்றது. பக்கத்திலிருந்த புளியமரத்தில் நான் தொற்றி ஏறி, அவள் கையைப் பிடித்து இழுத்தேன். புடவையோடு அவள் எப்படி ஏறினாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

யானை வாழைத்தாரைத் தின்று முடித்தது. பிறகு நேராக மரத்தடிக்கு வந்து தும்பிக்கையை உயர்த்தியது. அவள் நின்ற கிளைக் கவைக்கு ஒரு முழம் கீழே அதன் நுனி மோப்பம் பிடித்து அசைந்தது. மேலே எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு கிளைதான் இருந்தது. அதில் ஏறிக் கையை நீட்டினேன்.

"நா வர்லீங்க. புல்லுருவி புடிச்ச கெளை அது. உள்ள செத்துப் போயிருக்கும், ஒடிஞ்சிரும்" என்று கிசுகிசுத்தாள்.

மாந்தோப்புக்காரர் மகள். அவர்கள் தோப்பில் வருடா வருடம் காய் இறக்கியதும் புல்லுருவி பிடித்த கிளைகளை வெட்டி எரிப்பார்கள். அந்தக் கிளையில் காலை வைக்காதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். மரத்தின் மேல் வேறு செடி முளைத்திருந்தால் அவளுக்கு அது புல்லுருவிதான்.

அந்தச் செடி என் முகத்துக்கு நேரே இருந்தது. தடித்த, வார் போன்ற இலைகள், நடுவில் மடிந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி அடுக்கியிருந்தன. நுனிகள் யாரோ கடித்துத் துப்பியது போல இருந்தன. ஒரு காம்பில் ஐந்தாறு பூக்கள். மஞ்சள் இதழ்களில் பழுப்புக் கட்டங்கள், லுங்கித் துணி மாதிரி. நடுவில் ஊதா நிறத்தில் ஒரு நாக்கு. வாசனை வேறு. உயிர் போகிற நேரத்தில் வாசனை ஒன்றுதான் குறைச்சல்!

வெள்ளை வேர்கள் பட்டையோடு ஒட்டி ஓடின. சில காற்றில் தொங்கின. ஒன்றை நகத்தால் நெம்பினேன். அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் பட்டை முழுசாக இருந்தது. மாமனார் தோப்பில் நான் பார்த்த புல்லுருவி கிளைக்குள்ளேயே இறங்கியிருக்கும், அந்த இடம் கழலை போல வீங்கியிருக்கும். இது வாண்டா என்கிற ஆர்க்கிட் வகை என்பதும், மரத்திடம் உட்கார இடம் மட்டும் வாங்கிக்கொண்டு மழையையும் பனியையும் அந்தப் பஞ்சு போன்ற வேர்த்தோலால் குடித்துப் பிழைக்கிறது என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

"பாரு, வேர் உள்ள போகல. சும்மா ஒட்டிக்கிட்டுதான் இருக்குது. கெளை நல்லாருக்குது, வா" என்றேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை.

அவள் வேரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தும்பிக்கை அவள் புடவை ஓரத்தைத் தொட்டது. சட்டென்று கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டேன். கிளை தாழ்ந்தது, ஆனால் தாங்கியது. கீழே, அவள் நின்றிருந்த கவையைத் தும்பிக்கை நிதானமாகத் தடவிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு லாரி ஆரனை அழுத்திக்கொண்டே வந்தது. யானை காட்டுக்குள் போனது. டிரைவர் கன்னடத்தில் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, மொபெட்டையும் ஏற்றிக்கொண்டார். ஓசூர் விளக்குகள் தெரிந்த பிறகுதான் எனக்குத் தைரியம் திரும்பியது.

"வேரக் காட்டினதும் நம்பிட்ட, பாத்தியா?" என்று பெருமையடித்தேன்.

"நம்பவெல்லாம் இல்லீங்க" என்றாள், சாலையைப் பார்த்தபடி. "அந்தக் கெளை ஒடியும்னுதான் நெனச்சேன். நீங்க மட்டும் தனியா விழ வேணாம்னு வந்தேன்."