மழையில் காட்டிய வீடு

வாடகை வீடு பார்க்கப் போனால் ஓனர்கள் வெயில் நாளாகப் பார்த்துத்தான் வரச் சொல்வார்கள். புதுப் பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறும். சுவரில் ஈரம் பூத்த இடத்தில் சரியாக ஒரு முருகன் காலண்டர் தொங்கும். படிக்கிற காலத்தில் சேலத்தில் வீடு வீடாக மாறிய அனுபவத்தில் சொல்கிறேன்: முருகனைத் தூக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

என் அத்தை இதற்கெல்லாம் நேர் எதிர். மழை பெய்தால்தான் வீட்டைத் திறந்து காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து மேலே ஏறும் தெருவில் எங்கள் வீடு. அதன் பின்னால், தாத்தா அத்தை பெயருக்கு எழுதிவைத்த பழைய ஓட்டு வீடு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. உள்ளே வௌவால், வெளியே குரங்கு. பக்கத்து லாட்ஜ்காரர் கார் நிறுத்துவதற்கு அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். குப்பனூரில் இருந்த மாமாவுக்கு, அதாவது அத்தையின் கணவருக்கு, விற்றுவிட ஆசை. அத்தைக்கு இல்லை. இழுபறியின் முடிவில் மாமா கெடு வைத்தார். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வாடகைக்கு ஆள் குடி வந்தால் வீடு நிற்கும். வராவிட்டால் கார் நிற்கும்.

வேலை முடிகிற வரைக்கும் என்று சொல்லி அத்தை ஒரு துணிப்பையோடு மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா பஸ் பிடித்து வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவார். "ரெண்டு டப்பா பெயிண்ட வாங்கி அப்புனமா, முடிஞ்சுதான்னு இருக்கோணும். வாரவன் செவுத்தப் பாப்பானா, கூரையப் பாப்பானா?"

"மழைக்குக் கூரைதானுங்க ஊடு. செவுரு சும்மா தொணைக்கு நிக்குது" என்பாள் அத்தை, நிமிராமல்.

மேலிருந்து கீழே வர வேண்டும், இதுதான் அவள் சட்டம். முதலில் ஓடு, அப்புறம் தண்ணீர் ஓடும் வழி, அப்புறம் சுவர், கடைசியில் தரை. பெயிண்ட் என்பது ஊர்கோலம் முடிந்தபின் அடிக்கிற பன்னீர் மாதிரி. இதைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான் வருடா வருடம் பெயிண்ட் டப்பா தூக்குகிறார்கள்.

அந்த வீட்டில் நான் முதலில் வாயைப் பிளந்தது ஒரு நடுப்பகலில். அத்தை கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினாள். துளி வெளிச்சம் வராமல் இடுக்குகளில் சாக்கைத் திணித்தாள். "மல்லாக்கப் படு கண்ணு" என்றாள். படுத்தேன். மேலே பார்த்தால் நட்சத்திரம்! வீட்டுக்குள், பட்டப்பகலில், ஆயிரம் நட்சத்திரம். பெரிது, சிறிது, மினுக்குவது, மினுக்காதது.

"இது பூராம் என்ன அத்தே?"

"ஓட்டை. இது ஒண்ணொண்ணையும் நீயும் நானும் அணைக்கப் போறோம், சாமி."

என் கையில் ஒரு நீள மூங்கிலைக் கொடுத்துவிட்டுக் கூரைமேல் ஏறிப்போனாள். கீழேயிருந்து நான் ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்து ஓட்டைக் குத்துவேன். மேலே அந்த ஓடு லேசாகத் தூக்கும். அத்தை அதைப் பிடித்துக்கொள்வாள். நகர்த்தி உட்கார வைப்பாள், உடைந்திருந்தால் மாற்றுவாள். நட்சத்திரம் பொசுக்கென்று அணையும். கழுத்து ஒடிந்துபோனது. ஆனாலும் வானத்தையே அணைக்கிற வேலை எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? பள்ளியில் சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை.

கூரை முடிந்தது. ஓடுகளின் மடிப்பில் சேர்ந்திருந்த சில்வர் ஓக் சருகையெல்லாம் அள்ளி, தண்ணீர் ஓட வழி செய்தாள். சுவரில் ஊறிய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, காயும்வரை சும்மா விட்டாள். பின்பக்கத்து ஸ்டோர் ரூமைத் தடுத்துத் தனிக் கதவு வைத்தாள். அங்கேதான் கொத்து வேலைக்கு வந்த மேஸ்திரி குழம்பினார்.

"ஏனுங்கக்கா, ஸ்டோர் ரூமுக்கு எதுக்குங்க பைப்பு?"

"பாத்திரம் அலச."

"தாப்பாள உள்பக்கமா வெக்கச் சொல்றீங்களே. சாமான் எந்திரிச்சு வந்து தாப்பா போட்டுக்குமாங்?"

"போட்டாலும் போடும். நீங்க வெய்யுங்க."

மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன். சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வீடு தயார். மே மாதம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. வீடு கேட்டு ஆள் வந்தார்கள். அத்தை சாவியை எடுக்கவே இல்லை. "மழ பேயறப்ப வாங்க. இப்பப் பாத்து என்ன தெரியப்போவுது?"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏக்கா, மழ வந்தாத்தான் ஷோன்னு சொல்றியே, சினிமாக் கொட்டாயா நடத்துறே?"

"வெயில்ல பாத்துட்டு வந்து, மழையில திட்டிட்டு ஓடறவங்க எனக்கு வேண்டாம்டா. வந்தா இருக்கோணும்."

கீழேயிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவரையும் அப்படியே திருப்பி அனுப்பினாள். அந்த டீச்சர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கோடையில் மழையா? தினமும் மேகம் வரும், ஏரியை எட்டிப் பார்க்கும், போய்விடும். கெடு நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசி ஞாயிறு மாமா தனியாக வரவில்லை. லாட்ஜ்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. வாசலில் எத்தனை கார் திரும்பும் என்று கையை அகட்டி அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் இடித்தது பாருங்கள்! சேர்வராயன் மலையே ஒரு தடவை புரண்டு படுத்த மாதிரி. அடுத்த நிமிடம் எதிர் வீடு தெரியவில்லை. ஊசி மழை இல்லை, உலக்கை மழை. லாட்ஜ்காரர் அளந்த கையோடு உள்ளே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், காற்றில் புரண்டுபோன குடையோடு டீச்சர்.

"மழ வந்துருச்சுங்க. ஊட்டக் காட்டுங்க" என்றார், பல் தந்தியடிக்க.

அத்தை முன்னே நடந்தாள். கூடம், காய்ந்திருந்தது. படுக்கையறை, காய்ந்திருந்தது. டீச்சர் ஒவ்வொரு சுவரிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். கடைசியாகச் சமையல்கட்டு.

சொட்.

அடுப்பு மேடையின் நட்டநடுவில். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சொட், சொட், அப்புறம் ஒழுகல். நாங்கள் அணைத்த நட்சத்திரம் ஒன்று மறுபடி முளைத்திருந்தது.

மாமா சிரித்தார். "நாந்தேன் அப்பவே சொன்னனே."

"காலைல கொரங்கு குதிச்சுது. ஓட்ட ஒதுக்கிட்டுப் போயிருக்கு" என்றாள் அத்தை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். "கண்ணு, மூங்கில எடு."

"அக்கா, வேண்டாம்! வழுக்கும்! இடி வேற இடிக்குது!" அப்பா கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அவரால் ஏணியைப் பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. அதற்குள் அத்தை கூரைமேல் ஏறிவிட்டாள்.

ஈர ஓட்டின்மேல் அவள் நடந்து வரும் சத்தம் எங்கள் தலைக்குமேல் கேட்டது. ஒரு காலடி, நிறுத்தம், இன்னொரு காலடி. நான் மூங்கிலால் குத்தினேன். ஓடு தூக்கியது. சாம்பல் வானம் ஒரு கீற்று தெரிந்தது. அந்தக் கீற்றுக்குள், மின்னல் வெட்டிய வெளிச்சத்தில், தண்ணீர் சொட்டும் ஐந்து விரல்கள் வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், சாமி கையை யாராவது வரையச் சொன்னால் இன்றைக்கும் அந்தக் கையைத்தான் வரைவேன். விரல்கள் ஓட்டைப் பிடித்தன. ஒரு தள்ளு, ஒரு அழுத்து. வானம் மூடிக்கொண்டது. ஒழுகல் நின்றது.

கோழிக்குஞ்சு மாதிரி நனைந்து அத்தை இறங்கி வந்தாள். மேடையை முந்தானையால் துடைக்கப் போனாள். முந்தானையே பிழியக் கிடந்தது.

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஒழுவாத ஊடுன்னு சொல்றவங்கள நெறையப் பாத்துட்டனுங்க. ஒழுவுனா உடனே ஏறுற ஓனர இப்பத்தான் பாக்கறேன். எப்பங்க பால் காய்ச்சிக்கலாம்?"

லாட்ஜ்காரர் மழை விடும்வரைகூட நிற்கவில்லை.

வருகிற புதன் நல்ல நாள் என்றார்கள். டீச்சர் குடும்பம் வந்தது. சமையல்கட்டில் அடுப்பு மூட்டிப் பால் பொங்க விட்டார்கள். எனக்கு ஒரு தம்ளர். மாமாவும் வந்திருந்தார். பாலைக் குடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செரி, குடி வெச்சாச்சு. பையெடு. அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சா இருட்டறதுக்குள்ள போயிரலாம்."

அத்தை வாசலில் நின்றாள். "நீங்க போங்க. கொரங்கு இருக்கிற ஊருங்க இது. ஊட்ட வாடகைக்கு உட்டுட்டு ஆரும் இல்லாம கெடந்தா நல்லாருக்காது."

"எத்தன நாளைக்கு?"

"கொரங்கு இருக்கிற வரைக்கும்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். கீழே பஸ் ஹாரன் அடித்தது. மாமா இறங்கிப் போனார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. வாடகை வீட்டை நடத்துவது என்றால் இப்படித்தான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், எங்கள் அத்தையை அடிக்க இந்த மலையில் ஆளே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டவ்வையும், முந்தானையில் மறைத்து ஒரு பால் பாக்கெட்டையும் கொண்டு வந்தாள். அத்தையைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். ஸ்டோர் ரூமில் ஒரு சாமானும் இல்லை. ஒரு பாய், அந்தத் துணிப்பை, அவ்வளவுதான். அத்தை பைப்பைத் திறந்து பாத்திரத்தை அலசினாள். பாலை ஊற்றினாள். பொங்கி வழிந்தபோது அவள் அடுப்பை அணைக்கவே இல்லை, வழியட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாதான் அணைத்தாள். நாங்கள் வெளியே வந்ததும் உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ஒரே வீட்டுக்கு எதற்காக இரண்டு தடவை பால் காய்ச்சினார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது தம்ளரில் சர்க்கரை நொம்பத் தூக்கல் என்பது மட்டும்தான் எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.