துருவப் பனியும் மீன் ஐஸும்

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். இதைப் பெருமையில்லாமல் சொல்ல எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே, சென்னைப் பேராசிரியர் ஒருவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். நான் எடுத்துக்கொண்டது நியூட்ரினோ. வானத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வரும் துகள் அது. கல்லையும் மண்ணையும் கடந்து போய்க்கொண்டே இருக்கும். அபாரமான ஆற்றலோடு வரும் ஒன்று எப்போதாவது பனிக்கட்டிக்குள் மோதினால், கண்ணிமைப்பதற்கும் வெகு குறைவான நேரத்துக்கு அங்கே ரேடியோ அலை கிளம்பும். தென் துருவத்தில் கிலோமீட்டர் கணக்கில் பனி கிடக்கிறது. அதில் ஏரியலைப் புதைத்துக் காத்திருந்தால் அந்தத் துகளைக் கண்டுபிடிக்கலாம் என்று ருஷ்யாக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பனி அந்த அலையை எவ்வளவு விடும், எவ்வளவு விழுங்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை.

பேராசிரியருக்கு நம்பிக்கை போய்விட்டது. பனியையே பார்க்காமல் பனியைப் பற்றி எப்படி எழுதுவீர்கள், வேறு தலைப்பு எடுங்கள் என்று கடிதம் போட்டார். மூன்று வருட உழைப்பு. அடுத்த மாதம் செய்முறைத் தேர்வுக்கு எங்கள் கல்லூரிக்குத்தானே வருகிறீர்கள், ஐஸுக்குள் அலை போவதைக் கண்ணால் பாருங்கள், போகாவிட்டால் தலைப்பை விட்டுவிடுகிறேன் என்று கோபத்தில் பதில் எழுதினேன். தபாலில் சேர்த்த பிறகுதான் ஐஸுக்கும் கருவிக்கும் எங்கே போவது என்று யோசித்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் இதற்கு என்ன குறை? என் கணவர் திருநள்ளாறு சாலையில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். இலங்கை டிவி தெரிய வேண்டும் என்று வீட்டுக்கு வீடு குழாய் நட்டு ஏரியல் கட்டச் சொன்ன காலம். சின்னதாக ஓர் அலைபரப்பியும், ஏரியலும், அலையின் பலத்தைக் காட்டும் மீட்டரும் அவரே செய்து தந்தார். ஐஸுக்கு மீன் ஐஸ் பேக்டரி இருந்தது. அங்கே மேஸ்திரியாக இருந்தவரின் மகள் என்னிடம் படித்தாள். குடிக்கிற தண்ணீரிலேயே பார் ஐஸ் போட்டுத் தந்தார். நீளமான தகரப் பெட்டிக்குள் அதை அடுக்கி, ஒரு முனையில் அலைபரப்பியும் மறுமுனையில் ஏரியலும் வைத்து நாங்கள் ஒத்திகை பார்த்தபோது மீட்டர் முள் ஜோராக ஏறியது.

பேராசிரியர் வந்த அன்று மேஸ்திரியே வண்டியோடு வந்து, நாங்கள் தேர்வு அறையில் இருந்தபோது, பார்களைப் பெட்டியில் அடுக்கி முடித்துவிட்டார். சுவிட்சைப் போட்டோம். முள் அசையவில்லை. கணவர் ஒயரையெல்லாம் பிரித்து மறுபடி மாட்டினார். அப்போதும் அசையவில்லை.

"தலைப்ப மாத்திக்குவோம்மா. இதுல அவமானம் ஒண்ணுமில்ல" என்றார் பேராசிரியர். அவர் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பரிவுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்ன தோன்றியதோ, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றது. உப்பு போட்டீர்களா என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"ஆமாங்க டீச்சர். மெட்ராஸ்லேருந்து பெரியவங்க வர்றாங்க, ஐஸு சில்லுன்னு நிக்கணும்னு அடுக்குக்கு அடுக்கு கல்லுப்பு போட்டேன்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

மீன் பெட்டிக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். உப்புச் சேர்ந்த ஐஸில் குளிர்ச்சி கூடும், மீன் கெடாமல் ஊர் போய்ச் சேரும். அவர் எனக்கும் அந்த மரியாதையைத்தான் செய்திருக்கிறார். எப்படித் திட்டுவது?

பேராசிரியரிடம் அரை மணி நேரம் கேட்டேன். பாருக்குப் பார் நடுவே உப்புத்தண்ணீர் படிந்திருக்கிறது, அதுதான் அலையை விழுங்குகிறது, இதைத்தான் மூன்றாம் அத்தியாயத்தில் கணக்காகப் போட்டிருக்கிறேன் என்றேன். மாணவிகளும் நாங்களும் பார்களை வெளியே இழுத்து, குடிதண்ணீரை ஊற்றி அலம்பி, துடைத்துத் திரும்ப அடுக்கினோம். என் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் முள் ஏறி, பாதியைத் தாண்டி நின்றது.

பேராசிரியர் குனிந்து, முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு, மறுபடி உப்புப் போடச் சொன்னார். மேஸ்திரி தயங்கித் தயங்கிப் போட்டார். உப்பு கரையக் கரைய முள் இறங்கிப் படுத்துவிட்டது.

"இந்தத் தலைப்பே இருக்கட்டும்" என்றார் பேராசிரியர். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பட்டம் வந்ததும் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரிக்குப் போனேன். உப்பினால் அலை எவ்வளவு குறைகிறது என்று அட்டவணை போட்டிருந்த பக்கத்தைத் திறந்து காட்டி, இது நீங்கள் போட்ட உப்புதான் என்றேன். அவர் கையைக் கைலியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார், ஆனாலும் தொடவில்லை. துருவத்து ஐஸில் உப்பு உண்டா என்று கேட்டார். நடுப்பகுதியில் அநேகமாகக் கிடையாது, அங்கே பனி மேல் பனி விழுந்து இறுகியதுதான் என்றேன்.

"அப்ப அங்க போறவங்கள்ட்ட சொல்லி வைங்க டீச்சர். என்ன மாதிரி எவனாச்சும் நல்லது செய்யறேன்னு போட்டுடப் போறான்" என்றார்.

பிறகு அந்தப் பக்கத்தின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.