அக்கா நடந்த வற்றுக்கடல்

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களே, நண்பர்களே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் அக்கா அராலியில் பிறந்தவர். அவருக்குப் பதினான்கு வயதானபோது ஐயாவும் அம்மாவும் ஒரே மாரியில் காய்ச்சலால் காலமாயினர். நான் அப்போது தவழும் பிள்ளை. அன்று தொடக்கம் கடல் வற்றும் வேளையெல்லாம் அக்கா கூடையோடு சேற்றில் இறங்கினார். மட்டி பொறுக்கிக் கறி வைத்தார். கடற்பாசியைக் கழுவி எடுத்துக் கஞ்சி காய்ச்சித் தந்தார். சிப்பிகளை முற்றத்தில் சுட்டு, நீற்றி, சுண்ணாம்பாக விற்று என்னைப் படிப்பித்தார்.

இனசனத்துக்கு அது வெட்கமாம். கலியாண வீடுகளில் அக்காவுக்குப் பந்தியின் கடைசி மூலைதான். அவர் சுட்ட சுண்ணாம்பை மட்டும் எல்லோரும் கூசாமல் வெற்றிலையில் தடவினார்கள். நானும் யோக்கியன் அல்லன். பள்ளித் தோழன் ஒருவன் சேற்றில் நின்றவரைக் காட்டி, “உது ஆர்?” என்று கேட்டபோது, “தெரியாது” என்றேன். அது அக்காவின் காதில் விழுந்தது. அன்றும் எனக்கு மட்டிக்கறி எடுத்து வைத்திருந்தார்.

சென்ற மாதம் அக்கா கணுக்கால் நீரில் கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டார். முள் பாதத்தில் முறிந்தது. மூன்றாம் நாள் கால் கறுத்துவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சித்தப்பாவிடம் மாட்டுவண்டி கேட்டு நின்றேன்.

“நாளைக்குக் கோயிலுக்குப் போற வண்டி, தம்பி. கடல் நாத்தம் பிடிச்சால் போகாது. பச்சிலை அரைச்சுப் பத்துப் போட்டுப் பார்” என்றார்.

அக்காவோடு மட்டி பொறுக்கிய பூரணமும் அவர் கணவரும் நாற்றம் பார்க்கவில்லை. வலையைக் கம்பில் கட்டி, அதில் அக்காவைக் கிடத்திச் சுமந்தார்கள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் நெருங்கியதும் அக்கா கண் திறந்தார்.

“உந்த வழியாலை வேண்டாம், சுத்திப் போங்கோ. தம்பிக்குக் கூச்சம்” என்றார்.

பள்ளிக்கூட வாசலால்தான் போனோம். கேட்ட எல்லோரிடமும், “என்ரை அக்கா” என்று சொன்னேன். அதைக் கேட்கும் நினைவு அவருக்கு இருந்ததோ தெரியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

மலர் அச்சுக்குப் போகுமுன் சித்தப்பா வந்தார். “கடற்கரைக் கதையை எழுதாதை. எங்கடை மானம் போகும்” என்றார். எழுதிவிட்டேன்.

நன்றி பூரணத்துக்கும் அவர் கணவருக்கும் மட்டுமே. வேறெவருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைய பந்தியில் முதலில் இருப்பவர்கள் அவர்கள்தான். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம். போகுமுன் வெற்றிலை போட்டுக்கொள்ளுங்கள். தட்டத்தில் இருப்பது அக்கா கடைசியாகச் சுட்ட சுண்ணாம்பு.