நாற்பத்தாறு குடம்

9.6.2024 – பேத்தி பிறந்தாள். 2 கிலோ 850 கிராம்.
14.7.2024 – பேத்தி அம்பாசமுத்திரம் போனாள். வயது 35 நாள்.
19.8.2024 – ஆழ்குழாய்த் தண்ணீர். கடினத்தன்மை லிட்டருக்கு 900 மில்லிகிராம்.
4.11.2024 முதல் 10.11.2024 வரை – நாளொன்றுக்கு 24 குடம்.
24.11.2024 – கருவி, பொருத்துக்கூலி உட்பட 26,500 ரூபாய்.
16.12.2024 முதல் 21.12.2024 வரை – நாளொன்றுக்கு 46 குடம்.

ஆமத்தூர் சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவள். இருபத்தாறு வருடமாக அதே வேலை. கணவன் சங்கிலிமுத்தும் மகன் மகேஷ்குமாரும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வேன் வரும். மாலை ஆறேகாலுக்கு அதே வேனிலிருந்து இறங்கும்போது மூன்று பேருக்கும் கழுத்தும் காதுமடலும் வெள்ளி பூசியதுபோல மினுங்கும்.

மகள் பானுப்பிரியாவை அம்பாசமுத்திரத்தில் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் பெண்பிள்ளை பெற்றாள். முத்துமாரி என்று பெயர் வைத்தார்கள். இருபதாவது நாள் பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் வறண்டு சிவந்தது. மருந்து தடவினால் அடங்கும், குளிப்பாட்டினால் மறுபடி சிவக்கும். பிள்ளைத் தோலுக்கு இந்தப் போர் தண்ணீர் ரொம்பக் கடினம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் அந்த வீட்டில் கூட்டுக் குடிநீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்.

மருமகனின் அப்பா மாரிசாமி முப்பத்தோரு வருடம் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர். ஆற்றுக் கால்வாயில் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதுவதுதான் அவர் வேலை. இப்போது காது சரியாகக் கேட்காது. அதனால் போனில் பேசமாட்டார், எதுவானாலும் கடிதம்தான். முப்பத்தைந்தாவது நாள் அவரே வந்தார்.

"தங்கச்சி, கொறையா நெனைக்காதீக. தண்ணி சரியாகுற வரைக்கும் பிள்ள அங்கன இருக்கட்டும்."

சின்னத்தாய் உள்ளே போனாள். பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். தொள்ளாயிரம் என்று வந்தது. விருதுநகரில் தங்கப்பாண்டியன் என்பவர் வீடுகளுக்குச் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தை எடுக்கிற கருவி, போட்டுக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கணவனோடு போனாள்.

"தெனம் எம்புட்டுத் தண்ணிக்கா செலவாகுது?" என்று அவர் கேட்டார்.

"ஒரு டேங்குதான் ஆகும்," என்றான் சங்கிலிமுத்து.

"எல்லாரும் இதத்தான் சொல்றாக. டேங்கு நெறையுறது மோட்டாருக்குத் தெரியும். காலியாகுறது யாருக்குத் தெரியும்? எண்ணிட்டு வாங்க."

எண்ணுவது சின்னத்தாய்க்குப் புதிதல்ல, கம்பெனியில் கூலியே நூற்று நாற்பத்து நான்கு எண்ணினால் ஒரு குரோஸ் என்ற கணக்குத்தான். ஆனால் சீசனில் நிற்க நேரமில்லை. தீபாவளி முடிந்து கம்பெனி ஒரு மாதம் மூடியதும் ஆரம்பித்தாள். குளியலறைக் குழாயின் கீழ் பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தை வைத்துப் பிடித்து டிரம்மில் ஊற்றினாள். குடத்துக்கு ஒரு கோடு. காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கோடுகள் நிறைந்தன. யாரும் அந்தக் குழாயை நேராகத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

"ஏ புள்ள, கால் கழுவக் கூட ஒன்ட்ட சீட்டு வாங்கணுமா?"

"வாங்கணும். அரைக் குடம் எழுதிக்கிறேன், போங்க."

ஏழு நாள் எண்ணியதில் நாளுக்கு இருபத்து நான்கு குடம், அதாவது முந்நூற்று அறுபது லிட்டர். தங்கப்பாண்டியன் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கோடு போட்டுக் கொண்டாந்த மொத ஆள் நீங்கதான்க்கா." பிறகு கணக்கை உரக்கச் சொன்னார். முந்நூற்று அறுபது லிட்டரில் ஒரு நாளைக்கு முந்நூற்று இருபத்து நான்கு கிராம் சுண்ணாம்பு வருகிறது. சாஃப்ட்னர் உருளைக்குள் ரெசின் என்று கேழ்வரகுபோலச் சின்ன மணிகள் இருக்கும், சுண்ணாம்பை அவைதான் பிடித்துவைக்கும். ஒரு லிட்டர் ரெசின் ஐம்பது கிராம் பிடிக்கும், அப்புறம் நிறைந்துவிடும். நிறைந்ததும் ஐந்து கிலோ கல்லுப்பைக் கரைத்து ஓடவிட்டால், பிடித்ததையெல்லாம் சாக்கடையில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வரும். முப்பது லிட்டர் ரெசின் போட்டால் நாலு நாள் நிற்கும்.

"உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்க அஞ்சு கிலோ உப்பா?" சங்கிலிமுத்துவுக்குத் தாளவில்லை. "பேசாம தூத்துக்குடிக்கே குடி போயிருவோமே."

போனஸில் வாங்கினார்கள். கருவி குளியலறைக் குழாய்க்கு மட்டும்தான், கொல்லைப் பக்கத்துப் பழைய குழாயில் போர் தண்ணீரே வரும். இருபத்து நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொருத்தி முடித்ததும் தங்கப்பாண்டியன் ஒரு சின்னச் சோதனை பாட்டிலைக் கொடுத்தார். அதிலுள்ள மருந்தை விட்டால் கடினத் தண்ணீர் சிவக்கும், நல்ல தண்ணீர் நீலமாகும். நீலம்தான் வந்தது. அன்று சின்னத்தாய் சோப்பைத் தொட்டதும் நுரை முழங்கைவரை வந்தது. தண்ணீர் ஊற்றியும் வழுவழுப்புப் போகவில்லை. சோப்புப் போகவில்லையோ என்று நாலு முறை கழுவினாள். மறுநாள் மகேஷ்குமாரை எழுதச் சொல்லி மாரிசாமிக்குக் கடிதம் போட்டாள். தண்ணீர் சரியாகிவிட்டது, ஒரு தடவை உப்புப் போட்டால் நாலு நாள் நிற்கிறது, பொங்கலுக்குப் பிள்ளையை அனுப்பிவையுங்கள். பதில் வந்தது: "சரி."

டிசம்பர் இரண்டாம் தேதி கம்பெனி திறந்தது. இரண்டாவது வாரம் ஒரு மாலை குளிக்கும்போது சோப்பு நுரைக்கவில்லை. உப்புப் போட்டு மூன்றாவது நாள்தான். சோதனை பாட்டிலை எடுத்து நாலு சொட்டு விட்டாள். சிவந்தது. கருவி கெட்டுவிட்டது என்று தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டாள்.

"கருவி கெடலக்கா. கம்பெனி தொறந்துருச்சா?"

"தொறந்து பத்து நாளாச்சே."

"வேலைக்குப் போற நாள்ல எத்தன தடவ குளிக்கிறீக?"

சின்னத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. வந்ததும் ஒரு குளியல், தலைக்கு. சாப்பிட்டபின் இன்னொன்று. மூன்று பேருடைய வேலைத் துணியைத் தனியாக ஊறவைத்து மூன்று முறை அலசுவது. வேனிலிருந்து இறங்கினால் கை கால் கழுவ இரண்டு குடம்.

"லீவு நாள் கணக்கக் குடுத்துட்டீகளேக்கா! நானும் கேக்காம விட்டுட்டேன்."

மறுபடி எண்ணினாள். பதினாறாம் தேதி முதல் ஆறு நாள். நாற்பத்தாறு குடம். முப்பது லிட்டர் ரெசின் இரண்டு நாளுக்குத்தான் தாங்கும். பெரிய உருளை வாங்கப் பணமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உப்புப் போடலாம், ஆனால் அதற்கு ஒன்றரை மணி நேரம் குழாயை மூடிவைக்க வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, மூன்று தூக்குச்சட்டி நிறைத்து, ஏழு மணி வேனைப் பிடிக்கிற வீட்டில் அதற்கு இடமில்லை. மாலையில் மூன்று பேர் மேலெல்லாம் பட்டாசு மருந்தோடு வந்து நிற்பார்கள், குளித்துத் துவைத்து முடிக்கவே இரவு பத்து மணி ஆகிவிடும்.

"மாமாகிட்ட இதச் சொல்லாதம்மா," என்றாள் பானு போனில். "கேட்டா வேண்டாம்னுருவாக. பொங்கலுக்கு நானே நச்சரிச்சுச் சரின்னு வாங்கியிருக்கேன்."

"மூணாம் நாள் பிள்ளைக்கு மறுபடி வந்துச்சுன்னா?"

"ஒனக்குப் பிள்ளையப் பாக்கணுமா வேண்டாமா?"

சின்னத்தாய் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். பிறகு, "பாக்கணும்டி. அதான் சொல்றேன்," என்றாள்.

இந்த முறை மகனை எழுதச் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்தில் தானே எழுதினாள். "அண்ணே, நான் எண்ணுனது தப்பு. கம்பெனி லீவுல எண்ணிட்டேன். வேலை நாள்ல 46 குடம் ஆகுது. நாலு நாள் நிக்காது, ரெண்டு நாள்தான். பிள்ளை இருக்கும்வரை நாங்க மூணு பேரும் பழைய குழாய்ல குளிச்சிக்கிறோம். நல்ல தண்ணி பிள்ளைக்கும் பானுவுக்கும் மட்டும். பிள்ளையைத் தூக்குறதுக்கு முன்னே கை கழுவ ஒரு சொம்பு எடுத்துக்கிறேன். இதுக்கு மேல உங்க இஷ்டம்." இரண்டு காலண்டர் தாள்களையும் கூட வைத்து டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி தபாலில் போட்டாள்.

பதில் வரவில்லை. வருடம் பிறந்தது. பானு போனில் சொன்னாள்: "படிச்சாக. படிச்சிட்டு மடிச்சு சட்டைப் பையில வச்சிக்கிட்டாக. ஒண்ணும் சொல்லல."

சங்கிலிமுத்து, "ஒரு டேங்குன்னு நான் சொன்னதையே எழுதியிருக்கலாம்," என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மெதுவாக எழுந்துபோய் அவளுடைய வேலைத் துணியையும் சேர்த்துப் பழைய குழாயில் அலசிக் காயப்போட்டான்.

கடைசியில் ஓர் அஞ்சலட்டை வந்தது. சின்ன எழுத்தில் விளிம்புவரை எழுதியிருந்தது.

"தங்கச்சி சின்னத்தாய்க்கு மாரிசாமி எழுதுவது. உங்கள் கடிதம் 27.12.2024 அன்று கிடைத்தது. 6.1.2025 அன்று பிள்ளையை டாக்டரிடம் காட்டிக் கேட்டபின் எழுதலாம் என்று இருந்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். நல்ல தண்ணீரானால் கூட்டிப்போகலாம் என்றார். உங்கள் இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நீங்கள் மூவரும் பழைய குழாய்க்குப் போக வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உப்புப் போட்டால் எல்லோருக்கும் ஆகும். நீங்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் குழாய் சும்மாதானே இருக்கும். பிள்ளையோடும் பானுவோடும் நானும் 13ஆம் தேதி வருகிறேன். பொங்கல் கழிந்து இருபது நாள் இருப்போம். உப்புப் போடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. பிள்ளை இப்போது 7 கிலோ 100 கிராம். குப்புற விழுந்து நகர்ந்து, தலை தூக்கிப் பார்க்கிறாள்."

அட்டை ஆமத்தூருக்கு வந்து சேர்ந்த நாள் 10.1.2025, வெள்ளிக்கிழமை.