தோளைச் சொறிந்தால் ஜாக்கி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆனதும் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் சீட்டாட்டம் தொடங்கும். நாலு பேர், இரண்டு ஜோடி. ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். பத்து வயதிலிருந்து அண்ணனுக்கு எதிர் இடம் என்னுடையது.

அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். சாக்குத் தூசியில் அவன் தோள் எந்நேரமும் அரிக்கும். அதையே ஜாடையாக்கிக்கொண்டோம். எங்கள் ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. அவன் வலது தோளைச் சொறிந்தால் இஸ்பேட் ஜாக்கி அவனிடம். மூட்டை தூக்குகிறவன் தோளைச் சொறிவதை யார் சந்தேகிப்பார்?

ஐந்தாம் பாரம் படிக்கையில் எனக்கு நியாய அநியாயம் பெரிதாகிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அங்கே கேட்டதையெல்லாம் வீட்டிலும் நடத்திவைக்கப் பார்த்தேன்.

"ஜாடை காட்றது திருட்டுண்ணா. இனிமே வேணாம்."

அண்ணன் சீட்டைக் கலைத்துக்கொண்டே, "செரி, வுடு," என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு என் இடத்தில் அக்கா புருஷன் உட்கார்ந்திருந்தார்.

மாமா ரயில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். நல்ல மனிதர், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அரைகுறை வேடிக்கைக்கெல்லாம் அண்ணன் குலுங்கிச் சிரித்தான். எனக்கு ஜோடியாகப் பக்கத்து வீட்டு மீன்காரர் வந்தார்.

சில வாரம் கழித்து, ஆட்டத்தின் நடுவே அண்ணன் வலது தோளைச் சொறிந்தான். மாமாவின் கண் சட்டென்று தாழ்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஜாடையைக்கூட அவருக்குக் கொடுத்துவிட்டானே.

என் கையில் இஸ்பேட் ஒன்பதும் ஏழும் இருந்தன. ஏழை இறக்கினேன். இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும்; அண்ணனிடம் வேறு இஸ்பேட் இல்லை. ஒன்றுக்கும் உதவாத அந்த ஏழுக்கு ஜாக்கி விழுந்தது. அதன்பின் என் ஒன்பதை அடிக்க ஆளில்லை.

"இன்னா நைனா, அவன் சீட்டுக்குள்ள பூந்து பாத்தியா?" என்றார் மீன்காரர் சந்தோஷமாக.

அண்ணன் என்னையே பார்த்தான். "என் தோள பாத்துக்கினுதான ஆடுன?"

நான் கீழே கிடந்த சீட்டுகளைப் பொறுக்கினேன்.

"திருட்டுன்னு நீதானடா சொன்ன. நாங்க பண்ணாத்தான் திருட்டா?"

"வுடு மச்சான், கெலிச்சா கெலிச்சிட்டு போறான்," என்றார் மாமா. அவர் எனக்குப் பரிந்து பேசியதுதான் இன்னும் எரிந்தது.

அடுத்த ஞாயிறு நான் முந்திப் போய் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். "ஜாடை இருந்துட்டுப் போவட்டும்ணா," என்றேன்.

"மாமா கை கழுவப் போய்கீறாரு. நவுந்துக்கோடா." கோபமாகச் சொல்லவில்லை. நகர்ந்துகொண்டேன்.

ஆட்டத்தில் அவன் வலது தோளைச் சொறிந்தான். பிறகு ஒரு சின்ன இஸ்பேடைப் போட்டான். ஜாக்கியை அவன் கையிலேயே வைத்திருக்கிறான் என்று நம்பி என் ஒன்பதைத் தைரியமாக இறக்கினேன். அடுத்து ஆடிய மாமா இஸ்பேட் ஜாக்கியை அதன்மேல் வைத்தார். அண்ணனுக்கு நிஜமாகவே தோள் அரித்திருந்தது.

அவர்களுக்குள் வேறு ஜாடை வந்துவிட்டது. அந்த மத்தியானம் முழுதும் என் சீட்டைவிட அண்ணனின் கையையும் புருவத்தையும்தான் அதிகம் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.